தேக்குதானுங்க!

பீளமேட்டில் ஒரு பெரியவர். மில்லில் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். மனைவிக்கு மூட்டு ஆபரேஷன் ஆனதிலிருந்து, வீட்டுக்குப் பின்னால் வேப்பமரத்தடியில் உட்காருவது நின்றுபோனது. மழை பெய்தால் அங்கே சேறு, வழுக்கி விழுந்தால் மறுபடியும் ஆஸ்பத்திரி. சரி, பத்தடிக்கு எட்டடி ஒரு மர மேடை போட்டுவிடலாம் என்று முடிவெடுத்தார். ஆங்கிலப் படங்களில் தோட்டத்தில் நாற்காலி போட்டு உட்காருவார்களே, அந்த 'டெக்'தான்.

ஃபிக்சட் டெபாசிட்டை உடைத்து, எட்டடி நீளம் ஆறு அங்குல அகலத்தில் 24 பலகைகள் வாங்கினார். வெளியில் போடத்தான் என்று கடையில் சொல்லியும் விட்டார். "தேக்குதானுங்க, கண்ணை மூடிட்டு எடுத்துட்டுப் போங்க" என்றார் கடைக்காரர். பெரியவர் கண்ணை மூடவில்லை. அடுக்கில் மேலே இருந்த நாலு பலகைகளைத் திருப்பிப் பார்த்தார். நன்றாகத்தான் இருந்தன.

இரண்டு வாரச் சித்திரை வெயிலில் மீதிப் பலகைகள் கரண்டி மாதிரி வளைந்தன. நுனிகளில் வெடிப்பு வேறு.

வேலைக்கு வந்த ஆசாரி பார்த்துவிட்டுச் சொன்னார்: "தேக்குதாங்ண்ணா, பொய்யில்லை. ஆனா பாதி வெள்ளை. பச்சை மரத்தை அறுத்திருக்காங்க."

மரத்தின் நடுவில் இருப்பது வைரம், ஓரத்தில் இருப்பது வெள்ளை. கறையானை விரட்டும் டெக்டோகுவினோன் போன்ற சத்துக்கள் தேக்கின் வைரத்தில்தான் உண்டு. வெள்ளைப் பகுதிக்கு அந்த பலம் கிடையாது. இள வயதில் வெட்டிய தோட்டத் தேக்கில் வெள்ளை அதிகம். டாப்ஸ்லிப் மலையிலிருந்து அந்தக் காலத்தில் உருட்டி விட்ட காட்டுத் தேக்கை நினைத்துக்கொண்டுதான் கோயம்புத்தூர்க்காரர்கள் இன்றும் 'தேக்கு' என்ற சொல்லை நம்புகிறார்கள். வளைவுக்குக் காரணம் ஈரம். மரம் காயும்போது வளையங்களின் போக்கில் சுருங்குவது, குறுக்கே சுருங்குவதைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. காய வைத்து அறுக்காத பலகை வளையாமல் என்ன செய்யும்?

திருப்பிக் கொடுக்கப் போனார். "மரம்னா அப்படித்தானுங்க" என்று பதில் வந்தது.

பி.காம். படிக்கிறவர்கள் இங்கே நிமிர்ந்து உட்காரலாம். 1930ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டம், பிரிவு 16. வாங்குபவரே பார்த்து வாங்க வேண்டும் என்பது பொது விதி. ஆனால் எதற்காக வாங்குகிறோம் என்று சொல்லி, அந்தச் சரக்கையே தொழிலாக விற்பவரின் அனுபவத்தை நம்பி வாங்கினால், சரக்கு அந்தக் காரியத்துக்கு உதவ வேண்டும். பெரியவர் சொன்னார், வாஸ்தவம். பில்லில் இருந்ததோ 'தேக்கு பலகை 24' மட்டும். அதே பிரிவில் இன்னொரு கொக்கி: சரக்கைப் பரிசோதித்து வாங்கியிருந்தால், பார்த்தாலே தெரிந்திருக்கக்கூடிய குறைக்கு 'விற்கத்தக்க தரம்' என்ற உத்தரவாதம் கிடையாது. நாலு பலகையைத் திருப்பிப் பார்த்தாரே, அது அவருக்கு எதிராகவே திரும்பலாம்! மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் ஐந்து லட்சம் வரை கட்டணம் இல்லை, இரண்டு வருட அவகாசமும் உண்டு. ஆனால் ஐப்பசி மழை அதுவரை காத்திருக்காதே.

ஜார்ஜ் அகர்லாஃப் 1970ல் பழைய கார் சந்தையை வைத்து எழுதியது இதைத்தான். நல்லது கெட்டது விற்பவருக்குத் தெரியும், வாங்குபவருக்குத் தெரியாது. அதனால் வாங்குபவர் சராசரி விலைதான் தருவார். நல்ல சரக்குக்காரர் கட்டுப்படியாகாமல் ஒதுங்கிவிடுவார். 2001ல் நோபல் பரிசு கொடுத்தார்கள். எந்த மரக்கடையிலும் ஆசாரியைக் கூட்டிப் போனால் இந்தத் தியரியில் பாதி அடிபட்டுவிடும்.

ஆசாரி பலகைகளைத் தரம் பிரித்தார். வெள்ளை மிகுந்ததும் வெடித்ததுமாகப் பத்து ஒதுக்கினார். மீதி 14ல் லேசாக வளைந்தவற்றை நாட்டு ஓடு மாதிரி கவிழ்த்து, மேடு மேலே வரும்படி போட்டார், தண்ணீர் நிற்காமல் வழிய. முன்கூட்டியே துளை போட்டு, ஓரத்துக்கு ஒன்றாக ஸ்க்ரூ. பலகைக்குப் பலகை ஐந்து மில்லிமீட்டர் இடைவெளி. அடிக்கட்டைகள் மண்ணைத் தொடாமல் கான்கிரீட் கல் மேல்.

பத்தடி மேடை ஏழடியாகச் சுருங்கியது. ஒதுக்கிய பலகைகள் சமையலறையில் ஊறுகாய் ஜாடி வைக்கும் அலமாரியாகிவிட்டன. அங்கே வெயிலும் இல்லை, மழையும் இல்லை.

ஐப்பசியில் மேடை வழுக்கவில்லை. மூன்றாவது பலகை மட்டும் மிதித்தால் கிறீச் என்கிறது. "ஏனுங்க, உங்க தேக்கு கூப்பிடுதுங்க" என்பார் அந்த அம்மா. பெரியவர் ஸ்க்ரூ டிரைவரைத் தேடிக்கொண்டு போவார்.