46 கிலோவில் ஓர் உலகச் சாம்பியன்

இது கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் கிடைக்கும்போது பொறுமையாகப் படியுங்கள். முக்கியமாக, பெண் பிள்ளைகளைப் பெற்றவர்கள் பாதியில் விட்டுவிடாதீர்கள்.

மேரி கோம் என்ற பெயர் உங்கள் எல்லோருக்கும் தெரியும். படம் கூட வந்தது. ஆனால் அவர் எத்தனை கிலோ எடைப் பிரிவில் உலகப் பட்டம் வாங்கினார் தெரியுமா? 2002-ல் துருக்கியில் முதல் தங்கம் வாங்கியபோது 45 கிலோ. 2005, 2006, 2008 மூன்று முறையும் 46 கிலோ. ஒரு சிமெண்ட் மூட்டை 50 கிலோ. அதைவிட எடை குறைவு! உயரம் ஐந்தடி இரண்டு அங்குலம். நம் நல்லூர் பஸ் ஸ்டாப்பில் நின்றால் யாரோ பத்தாம் வகுப்புப் பெண் என்று நினைத்துக்கொண்டு போய்விடுவோம்.

மணிப்பூரில் கங்காதெய் என்ற சின்ன கிராமம். அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் நிலத்தில் பாடுபட்டவர்கள். நம் பக்கம் முந்திரித் தோப்பு வேலைக்குப் போகும் குடும்பங்களை எனக்குத் தெரியும். அந்த வீட்டுப் பிள்ளைகளுக்குத்தான் நான் அதிகம் பாடம் நடத்தியிருக்கிறேன். அதனால் மேரியின் வீடு எப்படி இருந்திருக்கும் என்று எனக்கு யாரும் சொல்லத் தேவையில்லை. பள்ளியில் ஓட்டம், ஈட்டி எறிதல் என்று இருந்த பெண் அவர். 1998 பாங்காக் ஆசிய விளையாட்டில் மணிப்பூர்க்காரர் டிங்கோ சிங் குத்துச்சண்டையில் தங்கம் வாங்கினார். அதைப் பார்த்துத்தான் இவருக்கும் ஆசை வந்தது. இம்பாலுக்குப் போய்ப் பயிற்சியில் சேர்ந்தார், வீட்டுக்குச் சொல்லாமலே.

2000-ல் மாநிலப் போட்டியில் ஜெயித்தபோது பேப்பரில் போட்டோ வந்துவிட்டது. அப்பாவுக்கு அப்படித்தான் விஷயமே தெரிந்தது. மகள் ஜெயித்த சந்தோஷத்தைவிட அவருக்குக் கவலைதான் பெரிதாக இருந்தது. 'முகத்தில் அடிபட்டுவிட்டால் நாளைக்கு யார் கட்டிக்கொள்வார்கள்?' அந்த அப்பா தம் இளம் வயதில் மல்யுத்தம் செய்தவர். அவருக்கே அந்தப் பயம்.

எடைப் பிரிவு பற்றியும் கொஞ்சம் சொல்லவேண்டும். நம்மில் பலர், எடை குறைவு என்றால் சண்டையும் லேசு என்று நினைக்கிறோம். அப்படி இல்லை. எதிரில் நிற்பவரும் அதே எடைதான். ஒரே எடையில் இருவர் மோதும்போது வேகமும் கால் அசைவும் மூளையும்தான் ஜெயிக்கும். சின்ன உடம்புக்காரருக்கும் நியாயமான வாய்ப்பு கிடைக்கவேண்டும் என்றுதான் இந்த ஏற்பாடே.

ஆனால் அந்த நியாயம் மேரிக்கு எப்போதும் கிடைக்கவில்லை. 2012 லண்டனில்தான் பெண்கள் குத்துச்சண்டையை ஒலிம்பிக்கில் முதன்முதலாகச் சேர்த்தார்கள். மூன்றே பிரிவுகள்: 51, 60, 75 கிலோ. 48 கிலோவில் ஆடிக்கொண்டிருந்தவர் 51-க்கு ஏறவேண்டியதாயிற்று. தம்மைவிட உயரமான, பலமான பெண்களோடு மோதி வெண்கலம் வாங்கினார். அரையிறுதியில் அவரை வென்ற இங்கிலாந்தின் நிக்கோலா ஆடம்ஸ்தான் தங்கம் வாங்கியவர்.

2018-ல் போலந்துப் போட்டிக்குப் போனபோது விடியற்காலை மூன்று மணி வாக்கில் போய் இறங்கினார். ஏழரைக்கு எடை பார்ப்பார்கள். 48 கிலோவுக்கு மேல் இரண்டு கிலோ கூடுதல். ஒரு மணி நேரம் விடாமல் கயிறு தாண்டி எடையைக் குறைத்தார். அந்தப் போட்டியில் தங்கமும் வாங்கினார். (பிள்ளைகளே, இதைப் பார்த்து நீங்கள் பட்டினி கிடக்காதீர்கள். அவர் இருபது வருடம் பழகிய உடம்பு.)

இன்னொன்று. 2005-ல் கல்யாணம், 2007-ல் இரட்டைப் பிள்ளைகள். முடிந்தது என்றார்கள். 2008-ல் சீனாவில் நான்காவது உலகத் தங்கம். 2010-ல் ஐந்தாவது. 2013-ல் மூன்றாவது மகன். 2014-ல் ஆசிய விளையாட்டுத் தங்கம். 2018-ல் டெல்லியில் ஆறாவது உலகத் தங்கம், வயது முப்பத்தைந்தைத் தாண்டிய பிறகு! அவர் பயிற்சிக்குப் போன நாட்களில் குழந்தைகளைக் கணவர் ஓன்லர் பார்த்துக்கொண்டார். மருமகன்களாக இருக்கும் என் மாணவர்கள் இந்த வரியை இரண்டு முறை படிக்கவும்.

எல்லாமே பாராட்டு என்றால் அது பாடம் ஆகாது. 2019-ல் ஒலிம்பிக் தகுதிச் சுற்றுக்கு யாரை அனுப்புவது என்ற பேச்சு வந்தபோது, நிகத் ஜரீன் என்ற நிஜாமாபாத் பெண், 'எனக்கும் தேர்வுப் போட்டி வையுங்கள்' என்று விளையாட்டு அமைச்சருக்கே கடிதம் எழுதினார். போட்டி நடந்தது. மேரி 9-1 என்று ஜெயித்தார். ஆனால் முடிந்ததும் கை கொடுக்காமல் இறங்கிப் போய்விட்டார். எனக்கு வருத்தமாக இருந்தது. பெரியவர்கள்தான் முதலில் கை நீட்டவேண்டும். அந்த நிகத் அன்று தோற்றதோடு ஒதுங்கிவிடவில்லை. 2022-லும் 2023-லும் உலகச் சாம்பியன் ஆனார்.

சரி, இதையெல்லாம் இப்போது ஏன் எழுதுகிறேன்? சென்ற வாரம் என்னிடம் படித்த ஒரு பெண் வாட்ஸ்அப்பில் கேட்டாள். "டீச்சர், எம் பொண்ணு எட்டாவது படிக்கிறா. பாக்ஸிங் கத்துக்கறேன்னு ஒத்தக்கால்ல நிக்கிறா. அவங்க அப்பத்தா, மூக்கு கீக்கு ஒடஞ்சா மாப்ள கெடைக்காதுங்கறாங்க. நான் என்ன பண்றது?"

மணிப்பூர் அப்பா கேட்ட அதே கேள்வி. இடையில் இருபத்தைந்து வருடம் போயிருக்கிறது.

முப்பது வருடத்துக்கு மேல் பாடம் நடத்தினேன். ஆறாம் வகுப்பில் பையன்களை முந்தி ஓடும் பெண்கள் ஒவ்வொரு வருடமும் இருப்பார்கள். எட்டாம் வகுப்பு வந்ததும் விளையாட்டு விழாவில் கோலப் போட்டிக்குப் பெயர் கொடுப்பார்கள். கேட்டால் "வீட்ல வேண்டாங்கறாங்க டீச்சர்" என்பார்கள். கால் அதே கால்தான். வீட்டில்தான் பேச்சு மாறியிருக்கும். அதைப் பார்க்கும்போதெல்லாம் என் வயிறு எரியும்.

அவளுக்கு நான் சொன்னதை உங்களுக்கும் சொல்கிறேன். முதலில் பயிற்சியாளர் யார், வேறு பெண் பிள்ளைகள் வருகிறார்களா என்று நீயே நேரில் போய்ப் பார். தலைக்கவசம், பல் கவசம் இல்லாமல் மோதவிடாதே. டாக்டரிடம் ஒருமுறை காட்டு. தலையில் அடி என்பது விளையாட்டு இல்லை. அப்பத்தாவின் பயத்தையும் அலட்சியம் செய்யாதே, அவர்களையும் ஒரு நாள் மைதானத்துக்குக் கூட்டிப்போ. எடை குறைக்கிறேன் என்று சாப்பாட்டை ஒதுக்கினால் அன்றே நிறுத்து. இத்தனையும் சரியாக இருந்தால், அனுப்பு.

பதக்கம் வருமா என்று கேட்காதீர்கள். நூறு பேர் கற்றால் ஒருவர் மாநில அளவுக்குப் போகலாம். மற்ற தொண்ணூற்று ஒன்பது பேரும் நிமிர்ந்து நடக்கக் கற்றுக்கொள்வார்கள். மாப்பிள்ளை பார்ப்பது பத்து வருடம் கழித்து. பிள்ளை ஆசைப்படுவது இன்றைக்கு.

உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு பிள்ளை இருக்கிறதா? எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் பதில் போடுகிறேன்.

வாழ்க வளமுடன்.
உங்கள் டீச்சர்