சர்க்கரைப் பாவாடை

மருமகள் முதலில் ஜன்னலைச் சாத்துகிறார். வெளியே ஐப்பசி மழை. மின்விசிறியை நிறுத்தி, ஏசியை ‘ட்ரை’யில் வைக்கிறார். காற்றிலிருக்கும் ஈரத்தை இழுத்துக்கொள்வது சர்க்கரையின் குணம். சென்னை மழையில், கேக்மேல் போர்த்துகிற சர்க்கரைப் பிசைவான ஃபாண்டன்ட் வேர்த்துப் பிசுபிசுத்து, பிடித்த மடிப்பெல்லாம் தொங்கிப்போகும். விசிறிக் காற்று பட்டாலோ மேல்பக்கம் மட்டும் காய்ந்து யானைத்தோலாக வரிவரியாய் வெடிக்கும். இந்த இரண்டுக்கும் நடுவில் கிடைக்கிற சில நிமிடங்களில் அது துணியாகிவிட வேண்டும்.

சாப்பாட்டு மேசையில் கைபேசி டம்ளர்மேல் சாய்ந்திருக்கிறது. திரையில் ஒரு பட்டுப்பாவாடை. மாம்பழ மஞ்சள், அரக்குக் கரை, கரை நிறைய ஜரிகை. நாளை ஒரு வயது முடிகிற குழந்தை உடுத்தப்போவது. அதையே கேக்கிலும் கட்டிவிடச் சொல்லியிருக்கிறார்கள். முட்டை கூடாது, ஜெலட்டினும் கூடாது. விற்கும் ஃபாண்டன்ட் பலவற்றில் ஜெலட்டின் இருக்கிறது. விலங்குகளின் தோலிலிருந்தும் எலும்பிலிருந்தும் எடுப்பது அது. பச்சைப் புள்ளி பார்த்து வாங்கிய பாக்கெட்டைப் பிரித்து, சி.எம்.சி. பொடியைச் சிட்டிகை சிட்டிகையாகத் தூவிப் பிசைகிறார். செல்லுலோஸிலிருந்து செய்கிற பசைப்பொடி, ஐஸ்க்ரீமிலும் சேர்ப்பார்கள். இது சேராத ஃபாண்டன்ட் மெல்லியதாகத் தேய்த்தால் கிழியும். சேர்ந்தால் இழுத்த இழுப்புக்கு வரும், காய்ந்தபின் விறைத்து நிற்கும்.

பழைய வேட்டித் துணியில் முடிந்த சோளமாவுப் பொட்டலத்தைப் பலகைமேல் தட்டுகிறார். மாவு புகையாய் இறங்குகிறது. குழவி உருள்கிறது. ஒரு மில்லிமீட்டருக்கு வந்துவிட்டதா என்று ஓரத்தைத் தூக்கி வெளிச்சத்தில் பார்க்கிறார். விரலின் நிழல் தெரிகிறது. போதும்.

இதுவரை நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்த மாமியார் எழுந்து வருகிறார். தெருவில் பாதிப் பெண்குழந்தைகளுக்குப் பாவாடை தைத்துக் கொடுத்தவர். மிஷின் இப்போது மூலையில் உறை போட்டு நிற்கிறது.

மருமகள் ஸ்ட்ராக்களை வரிசையாக அடுக்கி, அவற்றின்மேல் மஞ்சள் பட்டையைப் போர்த்தி, இடைவெளிகளில் விரலால் அழுத்துகிறார். மடிப்புகள் அளவெடுத்ததுபோல் எழும்புகின்றன.

“ஒரே அளவா பிடிக்காதம்மா. மேல இறுக்கு, கீழ விடு.”

“கீழ விட்டா தொங்குது அத்தை.”

“தொங்கத்தானே பாவாடை?”

மருமகள் ஸ்ட்ராக்களை உருவிவிட்டு, மேல் விளிம்பை மட்டும் கிள்ளிச் சேர்க்கிறார். மடிப்புகள் கீழே அகன்று, ஒன்று தடித்தும் ஒன்று மெலிந்தும் விழுகின்றன. சற்றுமுன் அச்சில் வார்த்த பொருளாக இருந்தது இப்போது இடுப்பிலிருந்து இறங்குகிறது. கடைக் கேக்குகளில் நான் பார்த்த மடிப்புகள் ஏன் துணியாகத் தெரியவில்லை என்பது அப்போதுதான் விளங்கியது.

அடுத்த பட்டையை வெட்டப்போகும்போது மாமியார் கேட்கிறார்: “டக் எங்க?”

“இது கேக்கு அத்தை. நாளைக்கே வெட்டிடுவாங்க.”

“போட்டோவுல இருக்கு பாரு.”

மருமகள் படத்தை விரலால் விரித்துப் பெரிதாக்குகிறார். இருக்கிறது. கரைக்குச் சற்று மேலே, சுற்றிலும் ஓடும் ஒரு மடிப்பு. பட்டுக்குக் கொடுத்த காசு ஒரு வருடத்தோடு போய்விடக் கூடாது என்று துணியை அதிகம் விட்டு மடித்துத் தைப்பது. பிள்ளை வளர வளரப் பிரித்துவிடலாம்.

மறுபேச்சில்லாமல் மருமகள் பட்டையை இன்னும் அகலமாக வெட்டுகிறார். கரைக்கு மேல் ஒரு மடிப்பு மடித்து, பல் சக்கரம் வைத்த சிறு கருவியை எடுக்கிறார். மாமியாரின் கண் விரிகிறது. “இது நம்ம ட்ரேசிங் வீலாச்சே!” வாங்கிக்கொள்கிறார். மணிக்கட்டு அசையவில்லை, முழங்கைதான் நகர்கிறது. சர்க்கரைமேல் நேர்கோட்டில், சம இடைவெளியில் தையல் புள்ளிகள். முடிந்த இடத்தில் சக்கரத்தைக் கொஞ்சம் பின்னுக்கு இழுத்து மறுபடி முன்னே ஓட்டுகிறார். நூல் பிரியாமலிருக்கப் போடுகிற கெட்டித் தையல். நூலே இல்லாத இடத்திலும் அந்தக் கை அதை விடவில்லை.

ஜரிகைக்குத் தங்கப்பொடி. மருமகள் குப்பியைத் திருப்பித் திருப்பிப் பொடி எழுத்தைப் படிக்கிறார். நஞ்சில்லாதது என்று மட்டும் போட்டிருந்தால் ஒதுக்கிவிடுவார். உண்ணத்தக்கது என்று இருக்க வேண்டும், உட்பொருள் பட்டியலும் இருக்க வேண்டும். இதில் அவர் காட்டும் கண்டிப்பு எல்லா கேக் சமையலறைகளிலும் வேண்டும். 2018-இல் அமெரிக்காவின் ரோட் ஐலண்டில் ஒரு பிறந்தநாள் கேக்கைச் சாப்பிட்ட ஆறு குழந்தைகளுக்கு உடம்புக்கு முடியாமல் போனது. மேலே பூசியிருந்த மினுமினுப்பில் செம்பு இருந்தது. பொடியைத் தண்ணீரில் குழைப்பதில்லை, தண்ணீர் பட்டால் ஃபாண்டன்ட் கரையும். ஆல்கஹால் கலந்த எலுமிச்சை எசன்ஸில் குழைத்தால் பூசியதும் காய்ந்துவிடுகிறது. அச்சில் அழுத்தி எடுத்த கரையில் மாங்காய்கள் ஒவ்வொன்றாகப் பளிச்சிடுகின்றன.

கேக் காத்திருக்கிறது. ஃப்ரெஷ் க்ரீம் பூசினால் அதன் ஈரத்திலேயே ஃபாண்டன்ட் உருகும். அதனால் சாக்லேட்டும் க்ரீமும் சேர்ந்த கனாஷைப் பூசி இறுகவிட்டிருக்கிறார். பட்டைகள் சுற்றிவர ஒட்டப்படுகின்றன. கிள்ளிய விளிம்புகளை மறைக்க, மேலே ஒரு தங்க ஒட்டியாணம்.

சாயங்காலம் குழந்தையின் அப்பா நனைந்த சட்டையோடு வருகிறார். அட்டைப்பெட்டியின் மூடியைத் தூக்கிப் பார்த்து ஒன்றும் சொல்லாமல் நிற்கிறார்.

“ஃப்ரிட்ஜ்ல வைக்காதீங்க சார், வெளிய எடுத்ததும் வேர்த்துடும். ஏசி ரூம்லயே இருக்கட்டும்,” என்கிறார் மருமகள்.

மாமியாருக்குக் கேட்க வேறொன்று இருக்கிறது.

“தம்பி, அந்தப் பாவாடைக்கு உள்ள லைனிங் இருக்கா? ஜரிகை குழந்தைக் காலைக் குத்தும்.”

“தெரியலையேம்மா. வீட்ல கேக்கணும்.”

“கேளுங்க. இல்லைன்னா கையோட கொண்டுவந்து குடுங்க. ராத்திரிக்குள்ள வெச்சுத் தரேன்.”