அவருடைய வாகனம்



ஒருவர் தம்முடைய வாகனத்தில் ஏறக் கைகொடுப்பதும், அவருடைய சுமையை அதில் தூக்கி வைப்பதும் தர்மம் என்று நபி (ஸல்) அவர்கள் கற்பித்திருக்கிறார்கள். புகாரி, முஸ்லிம் ஆகிய இரு தொகுப்புகளிலும் இடம்பெறும் இந்த ஹதீஸைப் பல ஆண்டுகளாக மதரஸாவில் பிள்ளைகளுக்கு நடத்தி வருகிறேன். அதிலுள்ள ஒரு சொல்லை நான் கவனிக்கத் தவறியிருந்தேன் என்பதை என் தம்பிதான் எனக்கு உணர்த்தினான்.

கட்டட வேலையின்போது சாரத்திலிருந்து விழுந்ததில் அவனுடைய முதுகுத்தண்டு அடிபட்டது. இடுப்புக்குக் கீழே அசைவும் இல்லை, உணர்வும் இல்லை. சக்கர நாற்காலிக்கு வந்து இரண்டு ஆண்டுகள் கழிந்தும் அவன் வீட்டுக்குள்ளேயே முடங்கியிருந்ததைக் காணப் பொறுக்காமல், நண்பர்களிடம் பணம் திரட்டி, பின்புறம் இருபக்கமும் இணைப்புச் சக்கரம் பொருத்திய ஸ்கூட்டர் ஒன்றை வாங்கினேன். அவனிடம் ஒரு சொல்லும் முன்கூட்டிச் சொல்லவில்லை. ஒரு ஜும்ஆவுக்குப் பின் பள்ளிவாசல் முன்பு சாவியை அவன் கையில் கொடுத்தோம். படமும் எடுத்துக்கொண்டோம்.

ஸ்கூட்டரின் இருக்கை நாற்காலியைவிட உயரம். அவனை ஏற்றி உட்கார வைக்க இருவர் தேவைப்பட்டனர். நாற்காலியை ஸ்கூட்டரில் கொண்டு செல்ல வழியில்லை. ஆகவே எங்கே சென்றாலும் வண்டியை விட்டு இறங்க முடியாது. கடை வாசல் வரை சென்று, வண்டியிலேயே அமர்ந்து, திரும்பி வருவான். ஒரு நாள் சாலைப் பள்ளத்தில் வண்டி குலுங்கியபோது வலது பாதம் கால்தட்டிலிருந்து நழுவிச் சாலையில் உரசிக்கொண்டே வந்திருக்கிறது. உணர்வற்ற காலாதலால் அவனுக்குத் தெரியவில்லை. வீடு வந்து சேர்ந்த பின் உம்மாதான் இரத்தத்தைக் கண்டு அலறினார். அந்தப் புண் ஆற இரண்டு மாதங்களுக்கு மேல் ஆயிற்று.

அந்நாட்களில் ஓரிரவு மருந்திட்டுக் கொண்டிருந்தபோது தம்பி மெதுவாகக் கேட்டான்: "காக்கா, நான் எங்கே போகணும்னு நீங்க ஒரு தடவைகூட கேட்கலையே?"

நான் கையை நிறுத்திவிட்டேன். "எங்கே போகணும்?" என்று அப்போதுதான் கேட்டேன்.

"மகளைப் பள்ளிக்கூடத்துல விடணும், கூட்டிட்டு வரணும். மழை பெய்தாலும். யாரையும் எதிர்பார்க்காம."

அவள் படிக்கும் பள்ளி எட்டு கிலோமீட்டர் தொலைவில், பேருந்துகள் விரையும் சாலையில் இருக்கிறது. அந்த ஒரு பதிலிலிருந்து எங்கள் தேடல் மறுபடி தொடங்கியது. இம்முறை இயன்முறை மருத்துவர் ஒருவரிடம் முதலில் சென்றோம். உட்கார்ந்த நிலையில் உடல் சாயாமல் நிற்கிறதா, இரு கைகளிலும் எவ்வளவு வலு இருக்கிறது, நாற்காலியிலிருந்து இருக்கைக்குத் தானே நகர முடிகிறதா, நாற்காலி உடன் வர வேண்டுமா என்று அவர் தம்பியையே கேட்டுக் குறித்துக்கொண்டார்.

இணைப்புச் சக்கர ஸ்கூட்டர் குறையுள்ள வண்டி அன்று. ஊன்றுகோலுடன் சில அடி நடக்கக்கூடியவர்களுக்கு அது பெரும் உதவி. சக்கர நாற்காலியின் முன்னால் பூட்டி, அதையே மூன்று சக்கர வண்டியாக மாற்றும் 'நியோபோல்ட்' என்ற மின்கருவியும் உண்டு. சென்னை ஐஐடியில் உருவாகி 2021இல் அறிமுகமான அது, மணிக்கு 25 கிலோமீட்டர் வரை செல்லும். நாற்காலியை விட்டு இறங்கவே வேண்டாம். ஊருக்குள் சென்றுவர அருமையானது. ஆனால் மழையையும் மகளையும் எண்ணித் தம்பி காரைத் தேர்ந்தான்.

தன் சேமிப்போடு நான் கொடுத்த அழகிய கடனையும் சேர்த்து, தானியங்கி கியர் உள்ள பழைய கார் ஒன்றை வாங்கினான். கதவு அகலமாகத் திறக்கிறதா, இருக்கை நாற்காலியின் உயரத்துக்கு இணையாக இருக்கிறதா, மடித்த நாற்காலியைத் தானே உள்ளே இழுத்து வைக்க முடிகிறதா என்று ஒவ்வொன்றையும் அமர்ந்து பார்த்தே முடிவு செய்தான். ஸ்டியரிங்கின் அருகே கைநெம்பு பொருத்தினார்கள். அதை முன்னே தள்ளினால் பிரேக், பின்னே இழுத்தால் வேகம். மறு கையால் ஸ்டியரிங்கைத் திருப்ப அதில் ஒரு குமிழ். உணர்வற்ற பாதம் மிதிகளுக்கு அடியில் சிக்காதிருக்க ஒரு தடுப்புத் தகடு. புண்பட்ட அந்தப் பாதத்தை நினைத்து அதை வற்புறுத்திக் கேட்டது நான்.

இத்தகைய மாற்றத்தை வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் அனுமதி பெற்றுப் பதிவுச் சான்றிதழில் ஏற்ற வேண்டும். காப்பீட்டு நிறுவனத்துக்கும் தெரிவிக்க வேண்டும். ஓட்டுநர் உரிமமும் அதற்குரியதாக இருக்க வேண்டும். 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் இவ்வண்டிகளை 'இயலாதவர் வண்டி' என்று பொருள்படும் சொல்லால் குறித்திருந்தது. 2019ஆம் ஆண்டின் திருத்தம் அதை நீக்கி, 'தகவமைக்கப்பட்ட வாகனம்' என்ற பொருளுடைய சொல்லை வைத்தது. குறையை மனிதனின் மீது சுமத்தாமல், வண்டியை மனிதனுக்கேற்ப மாற்றச் சொல்லும் சொல் அது.

பழைய ஸ்கூட்டரைத் தம்பியின் விருப்பப்படி, இளம்பிள்ளை வாதத்தால் ஒரு கால் பாதிக்கப்பட்ட சகோதரர் ஒருவருக்குக் கொடுத்தோம். கொடுக்கும் முன் அவரை ஓட்டிப் பார்க்கச் சொன்னோம். படம் எடுக்கவில்லை.

நான் கவனிக்கத் தவறிய சொல் 'அவருடைய' என்பது. வாகனம் ஏறுகிறவருடையது. எங்கே போவது, எதில் போவது என்பதும் அவருடையதே. கைகொடுப்பது மட்டுமே நம் பங்கு. உங்கள் வீட்டிலும் சக்கர நாற்காலியில் ஒருவர் இருந்தால், கடைக்குச் செல்லும் முன் அவரிடம் கேளுங்கள்.

சென்ற வாரம் அடைமழை. மதரஸா வாசலில் ஒரு கார் வந்து நின்றது. பின்னிருக்கையில் பள்ளிச் சீருடையில் மகள். "ஏறுங்க காக்கா, வீட்டுல விட்டுடுறேன்" என்றான் தம்பி. வாகனத்தில் ஏறும்போது ஓதும் துஆவை நான் தொடங்குமுன் அவள் ஓதி முடித்திருந்தாள்.

பிறருடைய தேவையை அவர்கள் வாயாலேயே கேட்டறிந்து உதவும் பண்பை அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக. ஆமீன்.