கல்லும் சொல்லும்

மண்ணுக்கடியில் கிடக்கும் வரையில் கல்லுக்கு விலை இல்லை. அதை வெட்டி எடுத்து, கழுவித் துடைத்து, இன்ன கல், இன்ன ஊரில் கிடைத்தது என்று ஒருவர் சொல்லி விற்கும்போதுதான் அது விலை பெறுகிறது. ஆகவே கல் வாங்குகிறவன் கல்லை மட்டும் வாங்குவதில்லை. விற்கிறவரின் சொல்லையும் சேர்த்தே வாங்குகிறான். இந்த உண்மையை உலகளவில் விரித்துக் காட்டும் சந்தை ஒன்றை நான் கண்டேன்.

அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில், பாலைவனத்தின் நடுவே டூசான் என்றொரு நகரம் உண்டு. 1955ஆம் ஆண்டு அவ்வூர்க் கனிம ஆர்வலர்கள் ஒரு பள்ளிக்கூடத்தில் சிறியதொரு கண்காட்சி நடத்தினார்கள். இன்று அது ஆண்டுதோறும் சனவரி இறுதியில் தொடங்கி பிப்ரவரி நடுப்பகுதி வரை நீளும் பெருந்திருவிழாவாகிவிட்டது. ஊரெங்கும் நாற்பதுக்கு மேற்பட்ட சந்தைகள். சாலையோர விடுதிகளில் கட்டில்களை அப்புறப்படுத்தி, அறையையே கடையாக்கிவிடுகிறார்கள். 2023ஆம் ஆண்டு பிப்ரவரியில் மகனைக் காணச் சென்றிருந்த நான், அவனோடு ஒரு நாள் முழுவதையும் அங்கே கழித்தேன்.

பிரேசில் நாட்டுச் செவ்வந்திக் கற்குகைகள் ஆளுயரத்துக்கு நின்றன. ஆப்கானிஸ்தானத்து லாபிஸ் கற்கள் தார்ப்பாய்மேல் நீலக் குவியலாய்க் கிடந்தன. மடகாஸ்கரிலிருந்து வந்த அம்மோனைட்டுகளை இரண்டாய் அறுத்து மெருகேற்றி அடுக்கியிருந்தார்கள். அழிந்துபோன இந்தக் கடலுயிரின் சுருள் ஓடுகள் நம் அரியலூர்ப் பாறைகளிலும் கிடைப்பவையே.

ஆயினும் என் கால்கள் இலங்கை நீலக்கற்களின் முன்னேதான் தாமாக நின்றன. நான் காயல்பட்டினத்துக்காரன். என் வாப்பா கொழும்பில் கல் வியாபாரம் செய்தவர்கள். வடக்குப் பார்த்த சன்னலருகே, காலை வெளிச்சத்தில், இடுக்கியில் கல்லைப் பிடித்தபடி அவர்கள் அமர்ந்திருக்கும் தோற்றம் இன்றும் என் கண்ணில் நிற்கிறது. வாங்க வந்தவர் கேட்குமுன்பே, “இந்த ஓரத்தில் ஒரு கீறல் இருக்கிறது, பார்த்துக்கொள்ளுங்கள்” என்பார்கள். அதைக் கேட்டு எழுந்து போனவர்களும் உண்டு. போனவர்களில் சிலர், வேறிடத்தில் கீறலை அறியாமல் வாங்கி நொந்து, வாப்பாவிடமே திரும்பி வந்ததும் உண்டு.

அவர்கள் காலத்தில் இலங்கையில் கெவுடா என்று ஒருவகைக் கல் இருந்தது. நீலக்கல்லின் இனந்தான், ஆனால் பால் படிந்தாற்போல் மங்கியிருக்கும். எவரும் அதை மதிக்கவில்லை. 1970களில் தாய்லாந்து வணிகர்கள் அதை மலிவாக வாங்கிச் சென்று, 1,500 பாகை செல்சியசுக்கும் மேலான வெப்பத்தில் சூடேற்றினார்கள். கல்லுக்குள் மங்கலை உண்டாக்கிய டைட்டானிய இழைகள் கரைந்து, அங்கிருந்த இரும்போடு கூடி, ஆழ்ந்த நீலம் பிறந்தது. விற்றவர்களுக்குச் சில்லறை, வாங்கியவர்களுக்குச் செல்வம். சூடேற்றுவது குற்றமன்று, இன்று சந்தைக்கு வரும் நீலக்கற்களில் பெரும்பாலானவை நெருப்பைக் கண்டவையே. அதைச் சொல்லாமல் விற்பதே குற்றம். 2004ஆம் ஆண்டையொட்டிச் சந்தைக்கு வந்த, விரிசல்களில் ஈயக்கண்ணாடி நிரப்பிய மாணிக்கங்களோ இன்னும் ஆபத்தானவை. எலுமிச்சைச் சாறு பட்டாலே அந்நிரப்பு அரிக்கப்பட்டுவிடும்.

கல்லை ஏமாறாமல் அறிய மனிதன் நெடுங்காலம் முயன்றிருக்கிறான். 973ஆம் ஆண்டு குவாரிஸ்மில் பிறந்த பேரறிஞர் அல்பிரூனி, இரத்தினங்களைப் பற்றி ‘கிதாபுல் ஜமாஹிர்’ என்னும் நூலை எழுதினார். மூக்கு வைத்த குடுவையில் நீரை நிரப்பி, கல்லை உள்ளே இட்டு, வழிந்த நீரை எடைபோட்டு, ஒவ்வொரு கல்லின் அடர்த்தியையும் கணக்கிட்டார். மாணிக்கம் தன் அளவு நீரைப்போல் நான்கு மடங்கு கனக்கும். செந்நிறத்தில் அதையே ஒத்த ஸ்பினல் ஏறத்தாழ 3.6 மடங்குதான். கண்ணை ஏய்க்கும் நிறம் தராசை ஏய்க்க முடியாது. பிரிட்டிஷ் மணிமுடியில் ‘கறுப்பு இளவரசரின் மாணிக்கம்’ என்று பெயர்பெற்று விளங்கும் கல்லும் உண்மையில் ஸ்பினலே.

ஆனால் அந்தத் தராசுக்கும் ஓர் எல்லை உண்டு. கல் இன்னதென்று அது சொல்லும். சூடேற்றியதா என்று சொல்லாது. அதை அறிய ஆய்வுக்கூடமும் நுண்ணோக்கியும் வேண்டும். விடுதி அறையில் நிற்கும் எளிய மனிதனுக்கு விற்பவரின் நாவே ஆய்வுக்கூடம்.

பிற்பகலில் மொராக்கோ வணிகர்களின் கூடாரங்களுக்குப் போனோம். அங்கே ட்ரைலோபைட்டுகள்: ஏறத்தாழ 25 கோடி ஆண்டுகளுக்கு முன் உலகைவிட்டே அழிந்த கடலுயிர்கள். அவற்றின் கண்வில்லைகள் கால்சைட்டுக் கல்லால் ஆனவை என்றால் வியப்பாயில்லையா? ஒரு மேசையில் மூன்று கிடந்தன. மூன்றிலும் ஒரே இடத்தில் ஒரே வளைவோடு ஒரே விரிசல்! பிசினில் கல்தூளைக் கலந்து ஒரே அச்சில் வார்த்தவை என்பது விளங்கிற்று. மகன் என்னைப் பார்த்தான், பேசாமல் நகர்ந்தோம்.

அடுத்த கூடாரத்தில் முதியவர் ஒருவர். சலாம் சொன்னதும் முகமலர்ந்து ஒன்றை எடுத்துத் தந்தார். நாங்கள் எதுவும் கேட்கவில்லை. அவராகவே விரலை வைத்து, “இந்த இரண்டு முட்கள் உடைந்து ஒட்டியவை, இது புதிதாகச் செய்து பொருத்தியது” என்று தமக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சொன்னார். எனக்கு வாப்பாவின் குரல் கேட்டதுபோலிருந்தது.

கனிமம் சேர்ப்போரிடம் ஒரு வழக்கம் உண்டு. கல்லோடு வரும் துண்டுச்சீட்டை அவர்கள் எறிவதில்லை. எந்த ஊர், எந்தச் சுரங்கம், இதற்குமுன் யார் யாரிடம் இருந்தது என்னும் விவரங்கள் சீட்டுச் சீட்டாய்ச் சேர்ந்து கல்லோடு கைமாறும். சீட்டை இழந்த கல் மதிப்பிலும் பாதியை இழந்தாற்போலத்தான். அறிவிப்பாளர் வரிசையைப் பார்த்தே செய்தியை ஏற்கும் மரபில் வந்த நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை. வரிசையில் ஒருவர் பொய் சொல்லிவிட்டால் அவருக்குப் பின்னால் வரும் அனைவரும், தாம் அறியாமலே, அந்தப் பொய்யைச் சுமக்கிறார்கள்.

எனவே அந்த ட்ரைலோபைட்டை வாங்கியபோது, ஒட்டியதையும் பொருத்தியதையும் சீட்டில் எழுதித் தருமாறு பெரியவரைக் கேட்டுக்கொண்டேன். அவர் பேனாவை எடுத்து, பொறுமையாக, முட்களை வரைந்தே காட்டிவிட்டார். கல் என் மேசைமேல் இருக்கிறது. சீட்டு அதன் அடியில். எனக்குப்பின் அதை எவர் கையில் எடுத்தாலும், முன்பின் கண்டிராத அம்மனிதர் அவரிடமும் உண்மையே பேசுவார்.