ரெண்டு ராத்திரி வேலை

ராஜபாளையம் பஞ்சு மார்க்கெட் பக்கம் காலை ஏழு மணிக்கெல்லாம் கூழ் வண்டிகள் வந்துவிடுகின்றன. நைட் ஷிப்ட் முடித்து மில்லிலிருந்து வருகிறவர்கள்தான் முதல் கிராக்கி. பி.ஏ.சி. ராமசாமி ராஜா 1936இல் ராஜபாளையம் மில்ஸைத் தொடங்கிய காலத்திலிருந்து இது நூற்பாலை ஊர். ராத்திரி முழுக்கப் பஞ்சுத் தூசியிலும் மிஷின் சூட்டிலும் நின்ற உடம்பு, புளித்த கூழையும் கடித்துக்கொள்ள மோர் மிளகாயையும் கேட்கிறது.

வண்டிக்கார அக்கா கேப்பை மாவை முந்தின நாள் சாயங்காலமே தண்ணீரில் கரைத்துவிடுகிறார். விடிகாலையில் நொய்யை வேகவிட்டு, புளித்த மாவை அதில் ஊற்றித் துடுப்பால் கிண்டுகிறார். கையைத் தண்ணீரில் நனைத்துத் தொட்டால் ஒட்டக் கூடாது, அதுதான் பதம். அந்தக் களி இன்னொரு ராத்திரி பானையில் கிடந்து மறுபடியும் புளிக்கும். அதன் பிறகுதான் மோரும் உப்பும் சின்ன வெங்காயமும் சேர்ந்து கூழாகும்.

இந்தப் பக்கம் நான் வந்தது மால்ட்டை, அதாவது முளைகட்டிக் காயவைத்த தானியத்தைத் தேடி. ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் வீட்டிலேயே பீர் காய்ச்சுகிறவர்கள் பார்லி மால்ட்டோடு ரை மால்ட்டையும் கொஞ்சம் சேர்ப்பார்கள். ரை, கோதுமைக்கு உறவான குளிர்நாட்டுத் தானியம். பீருக்கு லேசான காரமும் வாயில் நிற்கும் கனமும் அதனால் வரும். ஆனால் கையாளச் சிரமமானது. ரையில் இருக்கும் அரபினோசைலான் என்ற நார்ப்பொருள் தண்ணீரை இழுத்துக்கொண்டு கரைசலைப் பசையாக்கிவிடும். மணிக்கு உமியும் கிடையாது என்பதால் வடிகட்டும்போது அடைத்துக்கொள்ளும். பெரும்பாலோர் மொத்தத் தானியத்தில் 10, 20 சதவீதத்தோடு ரையை நிறுத்திக்கொள்வது இதனால்தான். நன்றாக வடிய நெல் உமியைக் கலப்பவர்களும் உண்டு. நம் ரைஸ் மில் வாசலில் குவிந்து கிடக்கும் அதே உமியை அங்கே பாக்கெட்டில் விலைகொடுத்து வாங்குகிறார்கள். ருஷ்யாவில் ரை மால்ட்டிலும் ரை ரொட்டியிலும் செய்கிற க்வாஸ் என்ற புளித்த பானம் இருக்கிறது. போதை மிகக் குறைவு, வெயிலுக்குக் குடிப்பது. அதன் செய்முறையைப் படித்தபோது எனக்கு நம் கூழ்ப்பானைதான் கண்முன் வந்தது.

தமிழ்நாட்டில் வீட்டில் மது காய்ச்சுவதற்கு 1937ஆம் ஆண்டின் மதுவிலக்குச் சட்டம் இடம் தராது. இங்கே முளைகட்டுகிற கேப்பை பிள்ளைகளின் கஞ்சிக்குப் போகிறது. போய்ச்சேரும் இடம் வேறென்றாலும் தொழில் ஒன்றுதான்: மணியை முளைக்க விட வேண்டும், பிறகு சரியான நேரத்தில் அதை நிறுத்த வேண்டும்.

“கூழுக்கு முளைகட்டின மாவு போடுவீங்களாக்கா?” என்று கேட்டேன்.

“கட்டுப்படியாகாது தம்பி. இது சும்மா மாவுதான். முளைகட்டினது பாக்கணும்னா வில்லிபுத்தூருக்குப் போங்க. எங்க மதினி குழுவுல அதத்தான் செய்றாங்க.”

பஸ்ஸில் இடப்பக்கம் உட்கார்ந்தால் மேற்குமலை கூடவே வருகிறது. ஸ்ரீவில்லிபுத்தூரில் இறங்கியதும் பால்கோவா மணம். 2019இல் புவிசார் குறியீடு வாங்கிய அந்த இனிப்பைப் பற்றி எழுத நிறையப் பேர் இருக்கிறார்கள். நான் மடவார்விளாகம் பக்கம் ஓர் ஓட்டு வீட்டுக்குப் போனேன். மகளிர் சுயஉதவிக் குழுவைச் சேர்ந்த பெண்கள் திண்ணையில் உட்கார்ந்து கேப்பையைச் சொளகில் புடைத்துக்கொண்டிருந்தார்கள்.

புடைத்து, கல் அரித்து, காலையில் ஊறப்போட்டால் ராத்திரிதான் தண்ணீரை வடிக்கிறார்கள். நடுவில் தண்ணீரை மாற்றாவிட்டால் புளிப்பு வாடை ஏறிவிடும். பிறகு துணியில் கட்ட வேண்டும். ராஜபாளையத்தை அடுத்த சத்திரப்பட்டி, பேண்டேஜ் துணி நெசவுக்குப் பேர்போன ஊர். காற்று போய்வரும் அந்தத் துணியில்தான் இவர்கள் மூட்டை கட்டி, ஈரச் சாக்கு போட்டு மூடுகிறார்கள்.

உண்மையான உழைப்பு இதற்குப் பிறகுதான் தொடங்குகிறது. முளைக்கிற மணி மூச்சு விடும். மூச்சுவிட்டால் சூடு கிளம்பும். மூட்டையின் நடுவில் சூடு தங்கினால் பூசணம் பிடித்து மொத்தமும் வீணாகும். அதனால் ராத்திரியில் எழுந்து மூட்டைக்குள் கையை விட்டுப் பார்க்கிறார்கள். சூடு தெரிந்தால் பிரித்து உதறி, தண்ணீர் தெளித்து, மறுபடி கட்டுகிறார்கள். இப்படி இரண்டு ராத்திரி. வீட்டு வேலை, பிள்ளைகள் எல்லாவற்றுக்கும் மேலே இந்தக் கண்விழிப்பு. கூலிக் கணக்கில் இதை யாரும் எழுதுவதில்லை.

“எப்ப நிறுத்தணும்னு எப்படித் தெரியும்?” என்று மதினியிடம் கேட்டேன். ஒரு பிடி மணியை எடுத்து உள்ளங்கையில் பரப்பினார். “வேரு வெள்ளையா நூலு மாதிரி தெரியணும். பச்சை எட்டிப் பாக்கக் கூடாது. பச்சை வந்துட்டா மாவு நமக்கில்ல, அது தின்னுரும்.”

பார்லியிலும் ரையிலும் மால்ட் செய்கிறவர்கள் பார்ப்பதும் இதைத்தான். முளை விடும்போது மணி தனக்குள் அமைலேஸ் என்ற நொதியை உண்டாக்கும். மாவுச்சத்தை உடைத்துச் சர்க்கரையாக்கிக் குருத்துக்கு ஊட்டுவது அதன் வேலை. நொதி நிறைந்திருக்க வேண்டும், மாவுச்சத்தும் மிஞ்ச வேண்டும். இந்த இரண்டுக்கும் நடுவே இருக்கிற சில மணி நேரத்தை மதினி கண்ணால் அளக்கிறார்.

பிறகு வெயிலில் காயவைப்பது. சித்திரை வெயிலுக்கு ஒரு பகல் போதும்; ஐப்பசி கார்த்திகையில் வேலையே நின்றுவிடும். காய்ந்ததைக் கையால் தேய்த்து வேரை உதிர்த்துப் புடைத்தபின் இளஞ்சூட்டில் வறுக்கிறார்கள். வாசம் வந்ததும் இறக்கிவிட வேண்டும் என்பதில் அங்கே கண்டிப்பு அதிகம். சரிதான். சூடு மிஞ்சினால் நொதி செத்துவிடும், இரண்டு ராத்திரி வேலையும் அதோடு போய்விடும்.

அந்த மாவு என்ன செய்யும் என்பதை அங்கேயே காட்டினார்கள். சாதாரணக் கேப்பை மாவில் கெட்டியாகக் கஞ்சி காய்ச்சி, கை பொறுக்கும் சூட்டுக்கு ஆறவிட்டு, முளைகட்டிய மாவை ஒரு ஸ்பூன் போட்டுக் கலக்கினார்கள். கரண்டியில் ஒட்டி நின்ற கஞ்சி, பார்த்துக்கொண்டிருக்கும்போதே இளகி ஒழுக ஆரம்பித்தது. பிறகு இன்னொரு கொதி விட்டு இறக்கினார்கள். ரை இறுக்கிப் பசையாக்கும் என்று படித்துவிட்டு வந்த எனக்கு, கேப்பை மால்ட் இப்படி இளக்கியது பெரிய வியப்பு. சிறுதானியங்களில் அமைலேஸ் வீரியத்தில் கேப்பை மால்ட் முன்வரிசையில் நிற்பது.

பச்சைப்பிள்ளையின் வயிறு சிறியது. கெட்டிக் கஞ்சியை அது விழுங்காது. தண்ணீர் விட்டு இளக்கினால் சத்து குறையும். முளைமாவு, தண்ணீரைக் கூட்டாமலே இளக்கிவிடுகிறது. மைசூர் மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆய்வு நிறுவனத்தில் மல்லேஷியும் தேசிகாச்சாரும் கேப்பை மால்ட்டை ஆராய்ந்தார்கள். பரோடாவில் தாரா கோபால்தாஸ் இதே குணத்தைக் குழந்தை உணவுக்குப் பயன்படுத்த வழி சொன்னார். தமிழ்நாட்டு அங்கன்வாடிகளில் தருகிற சத்துமாவிலும் முளைகட்டிய கேழ்வரகு சேர்கிறது.

பெரும்பாணாற்றுப்படையில் வருகிற ஒரு செய்முறையை அந்தத் திண்ணையில் சொன்னேன். அரிசியைக் களியாகக் கிண்டி, அகன்ற தட்டில் ஆறவைத்து, முளையை இடித்துக் கலந்து, இரண்டு பகலும் இரண்டு இரவும் சாடியில் விளையவிட்டு விரலால் அலைத்துப் பிழிகிற கள் அது. ஆறிய களியில் முளை என்கிற அந்த வரிசையும், இவர்கள் சற்று முன் கஞ்சியில் செய்துகாட்டியதும் ஒன்றேதான். “அப்ப அந்தக் காலத்துலயும் எவளோ ஒருத்தி ரெண்டு நாள் முழிச்சுக் கெடந்திருக்கா” என்றார் மதினி.

குழுவின் குறை விலையில் இருக்கிறது. முளைகட்டிக் காயவைத்து வேரை உதிர்த்தால் கேப்பையின் எடை குறைந்துவிடும். ஆனால் கடைக்காரர்கள் சும்மா வறுத்து அரைத்த மாவின் விலைக்கே இதையும் கேட்கிறார்கள். வெறும் மாவில் சர்க்கரையும் ஏலக்காயும் சேர்த்து ‘ராகி மால்ட்’ என்று விற்கிற பாக்கெட்டும் அதே அலமாரியில் இருக்கிறது. முளைகட்டியதா இல்லையா என்பதைப் பாக்கெட்டின் முன்பக்கத்தில் கொட்டை எழுத்தில் போடவேண்டும் என்று சட்டமே வர வேண்டும். முளைகட்டாத மாவை மால்ட் என்று விற்பது இந்தப் பெண்களின் கூலியில் கைவைப்பது.

சட்டம் வரும்வரை காத்திருக்க அவர்கள் தயாராக இல்லை. ஆடிப்பூரத் தேருக்கு வரும் கூட்டத்தில் ஒரு மேசை போட்டு, அடுப்பு வைத்து, இரண்டு கிண்ணத்தில் கஞ்சி காய்ச்சப் போகிறார்கள். ஒன்றில் கடை மாவு, இன்னொன்றில் இவர்கள் மாவு. அந்தந்த மாவை ஒரு ஸ்பூன் போட்டுக் கலக்கி, கரண்டியை வாங்குகிறவர் கையிலேயே கொடுத்துவிடுவார்களாம்.