கன்சோல் சந்தை சுருங்குகிறதா?

"கன்சோல் காலம் முடிந்தது" என்று வருடம் தவறாமல் யாராவது எழுதிவிடுகிறார்கள். 2025 ஜூனில் வந்த நிண்டெண்டோ ஸ்விட்ச் 2 நான்கே நாளில் 35 லட்சத்துக்கு மேல் விற்றது. செத்த சந்தையில் இது நடக்குமா?

ஆனால் சுருக்கம் வேறு இடத்தில் இருக்கிறது. ஒரு காலத்தில் நிண்டெண்டோ டிவிக்கு வீ, கைக்கு டிஎஸ் என்று தனித்தனியாக விற்றது. வீ 10 கோடி, டிஎஸ் 15 கோடி. பிறகு வந்த ஸ்விட்ச் இரண்டு வேலையையும் ஒன்றே பார்த்தது. விற்பனை 15 கோடியைத் தாண்டியது. பிரமாதமான எண்ணிக்கைதான். ஆனாலும் பழைய 25 கோடி எங்கே? பெரும்பகுதியை செல்போன் தின்றுவிட்டது என்பது என் கணிப்பு.

எனக்கு அதைவிடக் கவலை தருவது விலை. 2000இல் அமெரிக்காவில் 299 டாலருக்கு வந்த பிளேஸ்டேஷன் 2, 2009இல் 100 டாலருக்கு இறங்கியது. அது 16 கோடி விற்றதற்கு இதுவும் முக்கியக் காரணம். (டிவிடி பிளேயராகவும் ஓடியதே!) 2020இல் 499 டாலராக இருந்த பிளேஸ்டேஷன் 5, 2025 ஆகஸ்டில் 549 ஆனது. வயதாக வயதாக விலை ஏறும் கன்சோல்!

சொந்தக் கன்சோல் வைத்திருக்கும் மைக்ரோசாஃப்டோ தன் ஃபோர்ஸா ஹொரைசன் 5 விளையாட்டைப் போட்டியாளரின் பிளேஸ்டேஷனிலேயே விற்கிறது. தன் கன்சோலை மட்டும் நம்பவில்லை போலும்.

சந்தை சாகவில்லை, புதிதாக உள்ளே வருபவனுக்குக் கதவைச் சாத்திக்கொண்டிருக்கிறது. விலை குறையட்டும் என்று காத்திருப்பவர்களே, நல்ல நிலையில் பழையது கிடைத்தால் வாங்கிவிடுங்கள்.