அரணையும் நாங்களும்

எங்கள் பள்ளியின் பின்புறத்திலே மரவள்ளியும் கீரையும் பயிராகும் சிறு தோட்டம் ஒன்று உண்டு. காலை வெயில் ஏறியதும் பாத்தியோரத்துச் செங்கற்களின் மேல் அரணைகள் வந்து படுத்துக்கொள்ளும். வெண்கலத்தைத் தேய்த்து வைத்தாற்போன்ற முதுகு. சிலவற்றிற்கு விலாப்புறத்தில் செம்மஞ்சள் நிறம். வாலோடு சேர்த்து ஒரு சாண் நீளம். மலாய்க்காரர்கள் இதனை மெங்காருங் என்பர்.

இந்த அரணைகளை நாங்கள் கொன்றிருக்கிறோம். ஒன்றல்ல, பல.

'அரணை கடித்தால் மரணம்' என்று லயத்துப் பாட்டிமார் சொல்லக் கேட்டே வளர்ந்தவர்கள் நாங்கள். அதே பாட்டிமார், அரணை கடிக்க ஓடி வருமென்றும், வருவதற்குள் வந்த காரியத்தை மறந்து திரும்பிவிடுமென்றும் கூறுவார்கள். மறதிக்காரப் பிராணியிடம் இத்துணை அச்சம் எதற்கு என்று எங்களில் எவரும் கேட்டதில்லை. கம்பு தேடவே எங்களுக்கு நேரம் சரியாக இருந்தது.

கோத்தோங் ரோயோங் நாளொன்றில் பெற்றோரும் நாங்களுமாகத் தோட்டத்தைத் துப்புரவு செய்துகொண்டிருந்தோம். பழைய பலகை ஒன்றைப் புரட்டியபோது அரணை ஒன்று வெளிப்பட்டது. வழக்கம்போல் சூழ்ந்துகொண்டோம். முதல் அடியிலேயே வால் அறுந்து தனியே துள்ளியது. சிலர் அந்த வாலையே அடித்துக்கொண்டிருந்தனர். வயிறு பருத்திருந்த காரணத்தால் போலும், அரணையால் விரைந்தோட இயலவில்லை. அடுத்த அடியில் அது கிடந்துவிட்டது. அதன் கண் ஒருமுறை இமைத்ததை அருகில் நின்றவர்கள் கண்டோம்.

கிழிந்த வயிற்றிலே மெல்லிய சவ்வுக்குள் ஐந்து குட்டிகள் இருந்தன. கால், விரல், வால் யாவும் உருவாகியிருந்தன. ஒன்று மட்டும் சற்று நேரம் அசைந்தது. பிறகு அதுவும் ஓய்ந்தது.

ஆசிரியர் எங்களைக் கடிந்துகொள்ளவில்லை. மண்ணைத் தோண்டிப் புதைக்கச் சொன்னார். அதன்பின் மாமர நிழலில் எங்களை அமர்த்திப் பேசினார்.

அரணைக்கு நச்சுப்பல்லும் இல்லை, நஞ்சும் இல்லை. கரப்பான், வெட்டுக்கிளி, சிலந்தி ஆகியவற்றைத் தின்று வாழ்வது அது. எங்கள் கீரையைத் தின்ற பூச்சிகளுக்கு அதுவே பகை. பல்லிக்கு இமை கிடையாது, அரணைக்கு உண்டு. பகைவரிடம் சிக்கினால், வாலெலும்பில் இதற்கென்றே அமைந்த இடத்தில் வாலை முறித்து விட்டுவிட்டு ஓடும். மீண்டும் வளரும் வாலில் எலும்பு இராது, குருத்தெலும்பே இருக்கும். இவ்வினத்திற்கு 1820ஆம் ஆண்டில் அறிவியற் பெயரிட்டவர் கூல் என்னும் ஜெர்மானியர். மறு ஆண்டே அவர் ஜாவாத் தீவில், இருபத்து நான்காம் வயதைத் தாண்டாமலே மறைந்தார். அவரைக் கொன்றது அரணையன்று என்று ஆசிரியர் கூறியபோதுதான் நாங்கள் சற்றே சிரித்தோம்.

மற்றொன்றும் கூறினார். தமிழ்நாட்டில் பரவலாகக் காணப்படும் அரணை முட்டையிடும் இனம். இங்குள்ளதோ வேறோர் இனம். முட்டையை வெளியே இடாமல் குட்டிகளாகவே ஈனும். நம் முன்னோர் பால்மரம் வெட்டக் கப்பலேறி வந்தபோது அந்த அரணை உடன் வரவில்லை. அதைப் பற்றிய அச்சம் மட்டும் வந்து சேர்ந்து, இங்கிருந்த அரணையின் தலையில் விழுந்துவிட்டது.

அன்று மாலை லயத்திற்குச் சென்று பாட்டியிடம் யாவற்றையும் எடுத்துரைத்தோம். நஞ்சில்லை என்றதை அவர் நம்பவில்லை. குட்டிகளைப் பற்றிச் சொன்னதும் வெற்றிலை இடிப்பதை நிறுத்தினார்.

"பிள்ளைத்தாய்ச்சியையா அடித்தீர்கள்?" என்றார்.

நாங்கள் பதிலுரைக்கவில்லை. நெடுநேரம் கழித்து, "இருந்தாலும் கிட்டே போகாதீர்கள்" என்று சொல்லிவிட்டு மறுபடியும் இடிக்கத் தொடங்கினார்.